மெலிவுத் தானம்

தமிழிசையில் ஒலி நிலைகள் மூன்று. மெலிவு, சமன், வலிவு என்று அவற்றுக்குப் பெயர். வலிவு மேல்நிலை, மெலிவு கீழ்நிலை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை முதுகலை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் இம்மூன்று சொற்களையும் கரும்பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிக் காட்டுவது என் வழக்கம். இத்தனை ஆண்டுகளில் யாரும் அதைப் பற்றிக் கேள்வி எழுப்பியதில்லை. 2023 ஜூலையில் ஒரு மாணவன் எழுந்து நின்றான்.

"ஐயா, கீழ்ச் சுரத்த ஏன் மெலிவுன்னு சொன்னாங்க? மேடையில அதுதானே ஐயா நெஞ்சுல வந்து அடிக்குது?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாணவன் எங்கள் கல்லூரி ராக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவன். அவ்வாண்டு பிப்ரவரியில் நடந்த கல்லூரி விழாவில் அவனுக்கு நேர்ந்த அவமானத்தில் எனக்கும் பங்குண்டு.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழுவில் இரண்டு மின்கிடார்கள், ஒரு டிரம்ஸ், ஒரு பாடகன், இவன். இவன் கையிலிருந்தது தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து இரவல் வாங்கிய பழைய பேஸ். கம்பிகள் துருவேறிக் கிடந்தன. முதல் பாட்டு தொடங்கிய உடனேயே இரண்டு கிடார்களின் கரகரப்புக்குள் இவன் காணாமல் போனான். கலை விழாப் பொறுப்பாசிரியன் என்ற முறையில் மேடையோரம் நின்றிருந்த நான், ஒலியமைப்பாளரைப் பார்த்து, "பேஸை இன்னும் ஏற்றுங்கள்" என்று கையசைத்தேன். அவர் ஏற்றினார். அரங்கம் முழுக்க ஓர் ஊதல் போன்ற உறுமல் எழுந்தது. எந்தச் சுரம் என்று பிரித்தறிய முடியாத உறுமல். பாடகனின் குரலும் அதில் மூழ்கிப்போயிற்று. பின்வரிசையிலிருந்து கூச்சல் கிளம்ப, இரண்டாவது பாட்டின் நடுவிலேயே அவர்கள் இறங்க வேண்டியதாயிற்று. மறுநாள் குழுவின் மற்ற நால்வரும் கூடி, பேஸ் இல்லாமலேயே வாசிக்கலாமா என்று பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சக ஆசிரியர்கள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 2000 முதல் 2002 வரை, முதுகலை படித்த காலத்தில், கல்விக் கட்டணத்துக்காக ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பேஸ் கிடார் வாசித்திருக்கிறேன். ஓர் இரவுக்கு நூற்றைம்பது ரூபாய். திருமண மண்டபங்களும் கோயில் திருவிழாக்களும்தாம் மேடைகள். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களை ஒலிநாடாவில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பாடகரின் மெட்டுக்கு அடியில் தனியொரு மெட்டாக நடந்து செல்லும் அந்தக் கீழ்க்குரலை விரலில் ஏற்றிக்கொண்ட இரவுகள் அவை. 2006இல் வேலையில் சேர்ந்த கையோடு அந்த வாத்தியத்தை விற்றுவிட்டேன். விரிவுரையாளனுக்கு அது எதற்கு என்று தோன்றிய வயது.

ராக் இசையின் பேஸ் வேறு காரியம் என்பதைப் பிற்பாடு கேட்டே அறிந்தேன். மெல்லிசை மேடையில் தபேலாவும் கீபோர்டும் இடைவெளி விட்டு வாசிக்கும். அந்த இடைவெளியில் பேஸ் உலாவலாம். ராக் மேடையில் இடைவெளி கிடையாது. கரகரப்பூட்டிய கிடார் கிடைத்த இடத்தையெல்லாம் நிரப்பிவிடும். அதற்கடியில் நின்று, டிரம்ஸின் பெருமுரசோடு பிணைந்து, பாட்டைத் தரையில் ஊன்ற வேண்டும். 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனைத் திடலில் அயர்ன் மெய்டன் குழு வாசித்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். மூன்று கிடார்கள் ஒருசேர முழங்கும் அக்குழுவில் ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் ஒவ்வொரு சுரமாகக் காதில் விழுந்தது. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் இரவெல்லாம் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. விற்ற வாத்தியத்தை நினைத்து நான் வருந்திய இரவும் அதுதான்.

அந்த அக்டோபரில் மாணவன் என் அறைக்கு வந்தான். சொந்தமாக ஒரு பேஸ் வாங்கப் போவதாகச் சொன்னான். கையில் முப்பத்தெட்டாயிரம் ரூபாய். எட்டாயிரம் அவன் விடுமுறைகளில் பந்தி பரிமாறிச் சேர்த்தது. மீதி முப்பதாயிரம், அம்மா தன் தோடுகளையும் மெல்லிய சங்கிலி ஒன்றையும் அடகு வைத்துக் கொடுத்தது.

"அம்மாகிட்ட நான் கேக்கலீங்க ஐயா. விழாவுல நடந்தத யாரோ சொல்லிட்டாங்க. அவங்களே கொண்டாந்து குடுத்தாங்க. நீங்க கூட வந்தீங்கன்னா நல்லா இருக்கும்."

அடகுச் சீட்டை என் மேசைமேல் வைத்தே பேசினான். மறுக்க முடியவில்லை. மறுப்பதற்கான நியாயமும் இல்லை.

சென்னைக்குப் புறப்படுமுன் ஒரு மாதம் நான் படித்தேன். பாடம் நடத்தப் போகிறவன் படிப்பதைப்போலப் படித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

மின் பேஸ் கிடாரின் கதை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், புல்லர்ட்டன் என்ற ஊரில் தொடங்குகிறது. அங்கே வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்திய லியோ பெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. அதுவரை கீழ்க்குரல் வாசிப்பவர்கள் ஆளுயரத்துக்கும் மேலான டபுள் பேஸைச் சுமந்து திரிந்தார்கள். முரசும் ஊதுகருவிகளும் முழங்கும் மேடையில் அது கேட்கவும் செய்யாது. பெண்டர் அதைத் தோளில் தொங்கும் மரப்பலகையாக்கி, மின்சாரம் ஏற்றி, கழுத்தில் உலோகக் கட்டைகளைப் பதித்தார். விரலை எங்கே வைத்தாலும் சுரம் துல்லியமாக விழும் என்பதால்தான் அந்தப் பெயர். தந்தி அதிரும் நீளம் முப்பத்துநான்கு அங்குலம். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ் கிடார்களுக்கு அதுவே அளவு. 1957இல் அதன் பிக்அப் இரண்டு துண்டுகளாக்கப்பட்டது. கீழிரண்டு கம்பிகளுக்கு ஒன்று, மேலிரண்டுக்கு ஒன்று. இரண்டின் சுருளும் எதிரெதிர்த் திசையில் அமைந்திருப்பதால் மின் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

1960இல் அதே நிறுவனத்திலிருந்து ஜாஸ் பேஸ் வந்தது. மெல்லிய கழுத்து, இரண்டு பிக்அப்கள், பலவிதக் குரல்கள். லெட் செப்பலின் ஜான் பால் ஜோன்ஸ் வாசித்தது 1962ஆம் ஆண்டின் ஜாஸ் பேஸ் ஒன்றை. 1976இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே வந்தது. இதிலும் லியோ பெண்டரின் கை உண்டு. உள்ளேயே மின்கலம் வைத்து ஒலியைப் பெருக்கித் தரும் வகை அது. இன்று கடைகளில் தொங்கும் பேஸ் கிடார்களில் பெரும்பகுதி, எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், இம்மூன்றில் ஏதோ ஒன்றன் வழித்தோன்றல்தான்.

இவற்றைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஓர் எண். பேஸ் கிடாரின் அடிக்கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரணக் கிடாரின் அடிக்கம்பி அதற்கு இருமடங்கு, 82 முறை. நொடிக்கு 41 அதிர்வு கொண்ட ஒலியலை ஒன்றின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். ஒரு வகுப்பறையின் நீளம்! அந்த அலை அரங்கத்தின் சுவர்களில் மோதித் திரும்பி, ஓரிடத்தில் பெருத்தும் ஓரிடத்தில் அழிந்தும் போகும். மூலையில் நிற்பவனுக்கு இடியாகவும் நடுவில் நிற்பவனுக்கு ஒன்றுமில்லாமலும் கேட்கும். பெரும்பாலான சிறிய ஒலிபெருக்கிகளால் அதை முறையாக எழுப்பவும் முடியாது. அப்படியென்றால் நாம் பேஸைக் கேட்பது எப்படி? ஒவ்வொரு சுரத்தோடும் அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே பிறக்கின்றன. அவற்றைக் கேட்ட செவி, கேளாத அடிச்சுரத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே, மேடையில் பேஸுக்கு வலிமை தருவது அதன் அடியாழம் மட்டுமன்று. அதற்கு மேலே சமன் நிலையில் இருக்கும் அதிர்வுகளும்தான். நான் பிப்ரவரியில் கையசைத்து ஏற்றச் சொன்னது அடியாழத்தை. கூட்டியிருக்க வேண்டியது அதற்கு மேலே இருந்த பகுதியை. உறுமல் எங்கிருந்து வந்தது என்று எட்டு மாதம் கழித்துப் புரிந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, எழும்பூரில் இறங்கி, காப்பி குடித்துவிட்டு, அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். எங்கள் தொகைக்கு மூன்று வாத்தியங்கள் தேறின. முதலாவது ஜாஸ் வகை, முப்பத்தாறாயிரம். செம்மஞ்சளிலிருந்து கறுப்புக்கு மங்கும் வண்ணம். இரண்டாவது மின்கலம் கொண்ட வகை, நாற்பத்து நான்காயிரம். கையிருப்பைவிட ஆறாயிரம் அதிகம். மூன்றாவது பிரிசிஷன் வகை. கறுப்புப் பலகை, ஒரே ஒரு பிக்அப், இரண்டே குமிழ்கள். இருபத்தேழாயிரத்து ஐநூறு.

முதலாவதை அவன் வாசித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. அடியில் ஆழமும் மேலே மணியோசையும் சேர்ந்த குரல். இருபது வயதில் நான் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த வாத்தியம் அது. என் கைகளும் ஊறின. வாங்கி இரண்டு பழைய பாட்டுகளை வாசித்தும் பார்த்தேன். மாணவன் வியப்போடு பார்த்தான். "ஐயா, நீங்க வாசிப்பீங்களா!" என்றான். "இதுதான் தம்பி, இதையே எடுத்துக்கொள்" என்றேன். மூன்றாவதை வாசித்துப் பார்த்தபோது மொத்தையாக, ஒரே நிறத்தில், எழிலற்றுக் கேட்டது. இதற்கா இத்தனை புகழ் என்று தோன்றியது.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. கடைப் பையனிடம் போய் ஏதோ கேட்டான். அந்தப் பையன் ஒரு மின்கிடாரை எடுத்து, கரகரப்பை ஏற்றி, சத்தமாக வாசிக்கத் தொடங்கினான். மாணவன் தன் கைபேசியில் டிரம்ஸ் தாளம் ஒன்றை ஓடவிட்டு ஒலிபெருக்கியில் இணைத்தான். பிறகு மூன்று பேஸ்களையும் அதே வரிசையில், ஒரே எட்டுச் சுரங்களை வைத்து வாசித்தான். நான் கடையின் மறுகோடியில் போய் நின்றுகொண்டேன்.

முதலாவது மறைந்துவிட்டது. அழிந்தது என்றே சொல்லலாம். இரண்டு பிக்அப்களும் ஒரே கம்பியை வெவ்வேறு இடத்தில் கேட்பதால், இரண்டையும் முழுதாகத் திறக்கும்போது நடுவிலுள்ள அதிர்வுகள் சில ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. தனியே கேட்கையில் அதுவே அழகு. கிடார் வந்து அந்த நடுவிடத்தில் அமர்ந்ததும், எஞ்சியது அடியில் ஒரு முணுமுணுப்பும் மேலே கம்பியின் உரசலுமே. ஒரு பிக்அப்பை மட்டும் திறந்தபோது கேட்டது; கூடவே மின் இரைச்சலும் வந்தது. விளக்குகள் நிறைந்த மேடையில் அது இன்னும் கூடும். இரண்டாவது நன்றாகவே கேட்டது. தகடு அடித்தாற்போன்ற தெளிவு. மூன்றாவதை வாசித்தபோது மட்டும் நான் காதைக் கூர்மையாக்க வேண்டியிருக்கவில்லை. சற்றுமுன் மொத்தையாகத் தோன்றிய அதே குரல், கிடாருக்கு அடியில் திண்ணைபோல் இருந்தது. கிடாரும் முன்னைவிட நன்றாகக் கேட்டதுபோல் இருந்தது.

எனக்கு இன்னமும் மனம் கேட்கவில்லை. இரண்டாவதுக்கு வேண்டிய ஆறாயிரத்தை நான் தருகிறேன் என்றேன். அவன் தலையாட்டி மறுத்தான்.

"வேண்டாம் ஐயா. பேட்டரி நடுவுல போச்சுன்னா மேடையில என்ன பண்றது? இது போதும். நான் முன்னாடி நிக்கணும்னு வாங்கல. அவங்க நாலு பேரும் விழாம இருக்கணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மணி நேரமாக நான் எனக்கொரு வாத்தியம் வாங்கிக்கொண்டிருந்தேன். இருபது வயதில் கண்ணாடிக்கு வெளியே நின்ற பையனுக்கு, இன்னொரு பெண்ணின் தோட்டை அடகுவைத்த பணத்தில்.

கறுப்புப் பேஸை எடுத்தோம். மீதியிலிருந்து மூவாயிரத்துக்கு, மிக்சருக்கு நேரே ஒலியைக் கொண்டுசெல்லும் டி.ஐ. பெட்டி ஒன்று வாங்கினோம். இரண்டாயிரத்து ஐநூறுக்குப் புதிய கம்பிகள். ஸ்டீவ் ஹாரிஸ் பிரிசிஷன் பேஸில் வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பிகளைத்தான் பயன்படுத்துகிறார் என்று படித்திருந்ததை அவனிடம் சொன்னேன். அவன் சொரசொரப்பான வட்டச் சுற்றுக் கம்பியையே கேட்டான். 1966இல் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து ரோட்டோசவுண்ட் நிறுவனம் உருவாக்கிய வகை. பியானோவைப்போல் ஒலிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவருடைய குழுவில் கிடார் ஒன்றுதான். எஞ்சிய வெளியை அவர் பேஸால் நிரப்பினார். 1970 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் பதிவான இசைத்தட்டில் அதைக் கேட்கலாம். உணவுக்கூடத்தில்! நம்முடைய அரங்கம் அவ்வளவு மோசமில்லை என்று இருவரும் சிரித்துக்கொண்டோம். கழுத்தின் வளைவையும் கம்பியின் உயரத்தையும் சரிசெய்து தர ஆயிரம் ரூபாய். எல்லாம் போக நான்காயிரம் மிஞ்சியது. அதை அவன் தனியே மடித்து வைத்துக்கொண்டான். வட்டி கட்டவாம்.

திரும்பும் இரயிலில் அரங்கேற்று காதையை நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே தண்ணுமை ஆசிரியனுக்கு இளங்கோ வகுக்கும் இலக்கணம் ஒன்று உண்டு. உடன் வாசிக்கும் கருவிகளில் குறை நேரும்போது அதை நிரப்ப வேண்டும். மிகை நேரும்போது அடக்க வேண்டும். தன் வாசிப்பு அவற்றை மீறித் தெரியக் கூடாது. பதினைந்து ஆண்டுகளாக அதை ஒரு சுற்றுக்கு உரை சொல்வதுபோலச் சொல்லிவந்திருக்கிறேன். கடையில் மாணவன் சொன்னதும் இதுவேதான். அவன் என் வகுப்பில் கேட்டுச் சொன்னானா, மேடையில் விழுந்து எழுந்து கண்டுகொண்டானா என்பதை நான் கேட்கவில்லை.

2024 பிப்ரவரியில் மீண்டும் விழா. இம்முறை மாலை நான்கு மணிக்கே ஒலிச் சோதனைக்கு வரச் சொல்லிவிட்டேன். மேடை மரப்பலகை உள்ளே பொள்ளலாக இருந்தது. பேஸ் ஆம்பை அதிலிருந்து இறக்கி, மூலையை விட்டுத் தள்ளி, சிமெண்டுத் தரையில் வைத்தோம். மிக்சரில் அடியாழத்தைக் குறைத்து, நடுவைக் கொஞ்சம் உயர்த்தும்படி ஒலியமைப்பாளரைக் கேட்டுக்கொண்டேன். "பேஸுக்கு பேஸையே குறைக்கச் சொல்றீங்களே சார்" என்றார் அவர். குறைத்தார். பின்வரிசைவரை நடந்து போய்க் கேட்டேன். ஒவ்வொரு சுரமும் தனித்தனியே வந்து சேர்ந்தது.

மாணவனின் அம்மாவும் வந்திருந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம், கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றார். உட்காருங்கள் என்று சொன்னதற்கு, "இருக்கட்டுங்க ஐயா" என்றார். நானும் அருகிலேயே நின்றுகொண்டேன். காதுகள் வெறுமையாக இருந்தன. நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

நான்கு பாட்டுகள் வாசித்தார்கள். கூட்டம் பாடகனையும் முன்னால் நின்ற கிடார்காரனையும் பார்த்துக் கத்தியது. இவன் டிரம்ஸுக்குப் பக்கத்தில், பெருமுரசை மிதிக்கும் காலைப் பார்த்தபடி நின்றான். மூன்றாவது பாட்டின்போது அம்மா மெல்ல என்னிடம் கேட்டார்.

"ஐயா, எம்புள்ள வாசிக்கிறது எதுங்க? எனக்குப் பிரிச்சுத் தெரியல."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. சுவரில் கை வைத்துப் பாருங்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் பாட்டில் ஓரிடம் வந்தது. கிடார்கள் தொடர, பேஸ் மட்டும் நான்கு தாளச் சுற்றுக்கு நின்றுபோகும் இடம். அரங்கம் சட்டென்று தரையிலிருந்து எழும்பியதுபோல் இருந்தது. பிறகு அவன் மீண்டும் தொடங்கினான்.

"இதுதானுங்களா?" என்றார்.

"இதுதான் அம்மா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையைக் கீழே வைத்தார்.

நகை அடுத்த ஜூனில்தான் மீண்டது. மெலிவு, சமன், வலிவு என்று நான் இப்போதும் கரும்பலகையில் எழுதுகிறேன். மெலிவை ஏன் அப்படி அழைத்தார்கள் என்ற கேள்விக்கு இன்னும் நிறைவான விடை சொல்ல எனக்குத் தெரியாது. குரலில் பாடுகிறவன் கீழே இறங்க இறங்க ஒலி மெலிகிறது, அதனால் இருக்கலாம் என்று சொல்லிவைக்கிறேன். முப்பத்துநான்கு அங்குலக் கம்பி இல்லாத காலம். ஆனால், அந்தச் சொல்லை எழுதும்போது இப்போதெல்லாம் சுண்ணக்கட்டியைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.